மோட்டார் இல்லாமல் குட்டிக்கரணம்: வீட்டில் செய்யும் ஸ்டண்ட் கிளைடர்

தேனிப் பக்கத்திலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். இரண்டு வருடமாக மோட்டார் வைத்த ஃபோம் ட்ரெயினர் ஓட்டுகிறாராம். ஆறு சேனல் டிரான்ஸ்மிட்டர் கையில் இருக்கிறது. இனி மோட்டார் இல்லாத, லூப்பும் (செங்குத்து வட்டம்) ரோலும் (பக்கவாட்டில் உருளல்) அடிக்கிற, தலைகீழாகவும் பறக்கிற ரேடியோ கிளைடர் ஒன்றைத் தன் கையால் செய்ய ஆசை. எந்த ஏர்ஃபாயில் (இறக்கையின் குறுக்குவெட்டு வடிவம்), பால்சா மரமா ஃபோமா, எடையை எவ்வளவு குறைப்பது, எங்கே பறக்கவிடுவது என்று வரிசையாகக் கேட்டுவிட்டு, கடைசியில் சந்தேகமாக ஒரு வரி: 'அண்ணா, மோட்டார் இல்லாமல் நிஜமாகவே லூப் அடிக்குமா?'

அடிக்கும் தம்பி, தாராளமாக அடிக்கும். கிளைடருக்கு உயரம்தான் பெட்ரோல். 20 மீட்டர் உயரத்தை வேகமாக மாற்றினால், காற்றுத் தடையைக் கணக்கில் சேர்க்காமல் பார்த்தால், நொடிக்கு 20 மீட்டர் கிடைக்கும். அதாவது மணிக்கு 72 கிலோமீட்டர். அந்த வேகத்தில் 10 மீட்டர் குறுக்களவுள்ள லூப் ஒன்றைப் போட்டால், உச்சியில் தலைகீழாக இருக்கும்போதுகூட நொடிக்கு 14 மீட்டர் கையிருப்பு இருக்கும். தடைக்குக் கொஞ்சம் கொடுத்தாலும் சுற்றி வந்துவிடலாம். ஆள் உட்கார்ந்து ஓட்டும் கிளைடர்களிலேயே இந்த வித்தைக்கு உலகப் போட்டி உண்டு. முதல் போட்டி 1985இல் ஆஸ்திரியாவின் மவுட்டெர்ன்டார்ஃபில் நடந்தது. போலந்தில் செய்த ஸ்விஃப்ட், ஃபாக்ஸ் இரண்டும் இதற்கென்றே பிறந்த கிளைடர்கள். அவற்றின் மாதிரியைச் செய்யலாமா என்று அடுத்து கேட்பீர்கள். இப்போது வேண்டாம். முதலாவது கண்டிப்பாகத் தரையில் விழும். விழுந்தால் மனசு வலிக்காத பொருளில் செய்யுங்கள்.

உங்கள் கேள்வியில் எடை, எடை என்று ஐந்தாறு இடத்தில் வருகிறது. திருகல் என்ற சொல் ஒரு இடத்திலும் இல்லை. என் அனுபவத்தில் வீட்டில் செய்த ஸ்டண்ட் கிளைடர்கள் கெட்டுப்போவது இறக்கை திருகிக்கொள்வதால்தான். எடை கூடிப்போய்க் கெட்டவை குறைவு.

என் இரண்டாவது கிளைடர் 560 கிராம். தராசில் வைத்து வைத்துப் பெருமைப்பட்டுக்கொண்டேன். ஈபிபி ஃபோம் இறக்கை, உள்ளே ஒரு கார்பன் ராடு, மேலே கலர் டேப், அவ்வளவுதான். உடுமலைக்கு மேற்கே, பாலக்காட்டுக் கணவாய்க் காற்று வந்து மோதுகிற ஒரு சின்னக் குன்றில் பறக்கவிட்டேன். மெதுவாகப் போகும்போது அய்லரான் (இறக்கையின் பின்விளிம்பில் மேலும் கீழும் அசையும் மடல்) தட்டினால் டக்கென்று உருண்டது. டைவ் அடித்து வேகம் ஏறியதும் அதே அளவு ஸ்டிக் கொடுத்தால் சோம்பலாக உருண்டது. இன்னும் வேகத்தில் அசையவே இல்லை. அந்த மடலை அசைக்கும் சின்ன மோட்டாரான சர்வோவுக்கு வலுவில்லை என்று நினைத்து சர்வோவை மாற்றினேன். பேட்டரியை மாற்றினேன். இரண்டு வாரம் போனது. ஒரு நண்பர் வந்து இறக்கையின் நுனியைப் பிடித்து, ஈரத்துணியைப் பிழிகிற மாதிரி ஒரு திருகு திருகிக் காட்டினார். கிட்டத்தட்டப் பத்து டிகிரி வளைந்தது!

நடந்தது இதுதான். அய்லரான் கீழே இறங்கினால் அந்தப் பக்க இறக்கை மேலே போக வேண்டும். ஆனால் அய்லரான் தருகிற தூக்கு விசை இறக்கையின் பின்பகுதியில் விழுகிறது. இறக்கை இளக்கமாக இருந்தால் அந்த விசை பின்விளிம்பை மேலே நெம்பி, முன்விளிம்பைக் கீழே திருப்பிவிடும். அய்லரான் கொடுத்ததை இறக்கை திருகிக் கெடுத்துவிடுகிறது. வேகம் கூடக்கூட இது மோசமாகி, ஒரு வேகத்துக்கு மேல் வலது கொடுத்தால் இடது போகும். பெரிய விமானங்களையும் படுத்திய நோய் இது. என் கிளைடர் அந்தக் கட்டத்துக்குப் போகும் முன்பே ஒரு நாள் டைவில் 'கொர்ர்ர்' என்று தேனீக்கூட்டம் மாதிரி சத்தம் போட்டு, ஒரு அய்லரானைக் கழற்றி வீசிவிட்டு, கள்ளிப்புதரில் போய் உட்கார்ந்தது. அது படபடப்பு, ஃப்ளட்டர். இரண்டுக்கும் வேர் ஒன்றே. ஆகவே கீழே நான் சொல்லப்போவதில் பாதிக்கு மேல் இறக்கையைத் திருகாமல் வைப்பது பற்றித்தான் இருக்கும்.

அளவுகளுக்கு வருவோம். இறக்கையின் முழு நீளம் நுனிக்கு நுனி 1.5 மீட்டர் இருந்தால் போதும். உடம்போடு சேருமிடத்தில் இறக்கையின் அகலம் 25 செ.மீ., நுனியில் 18 செ.மீ. மொத்தப் பரப்பு 32 சதுர டெசிமீட்டர் சொச்சம். எல்லாம் ஏற்றிய எடை 800 கிராம் என்று வைத்துக்கொள்ளுங்கள். சதுர டெசிமீட்டருக்கு 25 கிராம் வருகிறது. இந்தக் கணக்கில் மணிக்கு 24 கிலோமீட்டர் வாக்கில் ஸ்டால் ஆகும், அதாவது தூக்கு விசை இழந்து விழும். இறக்கும்போது காற்று எதிரே வீசுவதால் தரையைத் தொடும் வேகம் ஓடிப்பிடிக்கிற வேகம்தான். 560 கிராமுக்கு இறக்கினால் காற்றைக் கிழித்துக்கொண்டு முன்னே போகாது. சரிவின் மேல் நின்ற இடத்தில் ஆடும். லூப்புக்கு வேகம் சேராது. கொஞ்சம் கனம் இருப்பது நல்லதுதான். இறக்கையை V மாதிரி தூக்கி வைக்காதீர்கள். தட்டையாக, ஒரே கோட்டில். V வைத்தால் நிமிர்ந்து பறக்கும்போது தானாகச் சமன் செய்கிற அதே குணம், தலைகீழாகப் போகும்போது கவிழ்த்துவிடப் பார்க்கும்.

ஏர்ஃபாயிலுக்கு நிறையப் பெயர்கள் சொல்வார்கள். முதலுக்கு நாகா 0010 போதும். முதல் இரண்டு சுழியத்துக்கு அர்த்தம் மேலும் கீழும் ஒரே வளைவு என்பது. கடைசி 10 என்பது தடிமன் அகலத்தில் 10 சதவீதம். ட்ரெயினரில் இருப்பது போல மேல் புடைத்து, கீழ் தட்டையான வடிவம் நிமிர்ந்து பறக்க அருமை, கவிழ்த்தால் தொங்கிப்போகும். மேல் கீழ் ஒத்த வடிவத்துக்கு இரண்டும் ஒன்றுதான். அதற்குக் கொடுக்கும் விலை, மெதுவாகப் போகும்போது தூக்கு விசை குறைவு. அந்தக் குறையை ஃப்ளாப் வைத்துச் சரிக்கட்டலாம், அதைக் கடைசியில் சொல்கிறேன். 0006, 0007 என்று மெலிதாகப் போக ஆசைப்படாதீர்கள். மெலிந்தால் இறக்கையின் முதுகெலும்பான ஸ்பாருக்கு ஆழம் கிடைக்காது, திருகலும் கூடும்.

பொருள்: ஈபிபி. பார்க்கத் தெர்மகோல் மாதிரி இருந்தாலும் குணம் வேறு. தெர்மகோல் மோதினால் உடையும். ஈபிபி அமுங்கி, திரும்ப எழும். கன அடர்த்தி லிட்டருக்கு 20 கிராம் உள்ளது கேட்டு வாங்குங்கள். இந்த இறக்கைக்கு ஃபோம் மட்டும் 100 கிராம் அளவில் முடிந்துவிடும். ஃபெவிக்விக் தெர்மகோலைக் கரைத்துவிடும், ஈபிபியைக் கரைக்காது. பால்சாவில் ரிப் ரிப்பாகக் கட்டுவது அழகு, விறைப்பும் அதிகம். உங்கள் ஊர்க் கரடுகளில் ஒரே ஒரு பாறை போதும், மூன்று மாத வேலை தீக்குச்சிக் கட்டாகிவிடும். மூன்றாவது கிளைடருக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

ஃபோம் வெட்டுவதுதான் இதில் சுவாரசியமான வேலை. 0.4 மி.மீ. நிக்ரோம் கம்பி 80 செ.மீ. எடுத்து, வில் மாதிரி ஒரு மரச்சட்டத்தில் இழுத்துக் கட்டுங்கள். அந்த நீளத்துக்கு ஏழு ஓம் தடை வரும். 12 வோல்ட் கொடுத்தால் 1.7 ஆம்பியர் ஓடும். பழைய லேப்டாப் சார்ஜரை நேரடியாகக் கொடுத்தால் கம்பி சிவந்து ஃபோமைக் குடைந்துவிடும். நடுவில் வோல்ட்டேஜ் குறைக்கிற ஒரு சின்ன போர்டு வையுங்கள். சரியான சூட்டில் கம்பி சிவக்காது. துண்டு ஃபோமில் வைத்தால் எதிர்ப்பு தெரிகிற மாதிரி, அதே சமயம் பின்னால் வளையாமல் போகும். வராந்தாவில், காற்றோட்டத்தில் செய்யுங்கள். புகை நல்லதல்ல.

வார்ப்புக்கு, அதாவது ஃபோமின் இரு முனையிலும் வைத்துக் கம்பிக்கு வழிகாட்டும் அச்சுக்கு, தச்சர் பட்டறையில் கழிக்கிற சன்மைக்காத் துண்டுகள் போதும். 25 செ.மீ.க்கு ஒன்று, 18 செ.மீ.க்கு ஒன்று என்று ஏர்ஃபாயிலை அச்செடுத்து ஒட்டி, அரத்தால் ராவி, ஓரத்தை 400 நம்பர் உப்புத்தாளால் வழுவழுப்பாக்குங்கள். ஒரு சொரசொரப்பு இருந்தால் கம்பி அங்கே ஒரு கணம் நிற்கும், இறக்கை முழுக்க ஒரு பள்ளம் விழும். இரண்டு வார்ப்பிலும் முன்விளிம்பிலிருந்து பின்விளிம்பு வரை 1 முதல் 12 வரை கோடு போட்டு எண் எழுதுங்கள். இரண்டு எண்களுக்கு நடுவே உள்ள தூரம் பெரிய வார்ப்பில் அதிகம், சின்ன வார்ப்பில் குறைவு. அந்த விகிதம்தான் முக்கியம். வில்லுக்கு இரண்டு பேர் வேண்டும். என் வீட்டில் வில்லின் மறுமுனை என் பெண்ணுக்கு. அவள் 'மூணு' என்றதும் நான் மூன்றில் இருக்க வேண்டும். 'நாலு' என்றதும் நாலு. ஒரு முறை அவள் ஐந்தில் இருக்கும்போது கைபேசி அடித்து நான் நாலரையில் நின்றுவிட்டேன். அந்த இடத்தில் விழுந்த வரியை இன்றைக்கும் அந்த இறக்கையில் காட்டுவாள்.

அடுத்தது ஸ்பார். முன்பு சொன்ன 10 மீட்டர் லூப்பின் அடிப்பகுதியில் நொடிக்கு 20 மீட்டர் வேகத்தில் ஸ்டிக்கை இழுத்தால் இறக்கை உணர்வது 9 ஜி. 800 கிராம் கிளைடர் அந்தக் கணத்தில் 7 கிலோவுக்கு மேல் எடை. பாதிக்குப் பாதி பிரித்து, இறக்கை நடுவில் நெம்புகிற விசையைக் கணக்கிட்டால், மேல் பட்டையிலும் கீழ்ப்பட்டையிலும் ஐம்பது கிலோ சொச்சம் இழுவையும் அழுத்தமும் வருகிறது. 3×1 மி.மீ. கார்பன் பட்டைக்கு இது சாதாரணம். அதனால் பட்டையைத் தடிமனாக வாங்கிப் பணத்தை விரயம் செய்ய வேண்டாம். ஏர்ஃபாயில் தடிமன் மிகுந்த இடம், அதாவது முன்விளிம்பிலிருந்து 30 சதவீதத்தில், மேலே ஒரு பட்டை கீழே ஒரு பட்டை பதியுங்கள்.

பட்டையைப் பதித்தவுடன் வேலை முடிந்தது என்று பலர் விட்டுவிடுகிறார்கள். இரண்டு பட்டைக்கும் நடுவில் இளக்கமான ஃபோம் மட்டும் இருந்தால் ஒன்றையொன்று வழுக்கிக்கொண்டு போகும், மேல் பட்டை அமுங்கி வெளியே துருத்தும். நடுவிலிருந்து இரு பக்கமும் 20 செ.மீ. வரை, பட்டைகளுக்கு இடையே 3 மி.மீ. பால்சாவை நார் செங்குத்தாக நிற்கும்படி வெட்டி, அரால்டைட் போட்டு நிறுத்துங்கள். நார் படுத்திருந்தால் வைத்தும் பயன் இல்லை. அப்புறம் சோதனை: இரண்டு நாற்காலிகளின் முதுகில் இறக்கையை நிமிர்ந்தபடியே வையுங்கள், நடுக்கோட்டிலிருந்து இரு பக்கமும் 33 செ.மீ. தள்ளித் தாங்கல். நடுவில் 7 கிலோ தொங்க விடுங்கள். நான் 5 கிலோ பொன்னி அரிசியும் 2 கிலோ துவரம்பருப்பும் பையில் போட்டுத் தொங்கவிடுவேன். வளையட்டும். 'கறக்' என்று கேட்கக் கூடாது.

இனி திருகலுக்கான வைத்தியம். ஸ்பார் இறக்கையை மேலே கீழே வளையாமல்தான் காக்கும். திருகலைத் தடுப்பது மேல் தோல். முதலில் நூலிழை ஓடும் பார்சல் டேப்பை ஸ்பார் நெடுக ஒரு வரி, முன்விளிம்பைச் சுற்றி ஒரு வரி. பிறகு இறக்கையின் மேலும் கீழும் 45 டிகிரி சாய்வில் பெருக்கல் குறி பெருக்கல் குறியாக. திருகும்போது தோலில் இழுவை ஓடுவது அந்தச் சாய்வில்தான், அதனால் டேப்பும் அப்படிப் போக வேண்டும். அதற்கு மேல் லேமினேஷன் ஃபிலிம். அடையாள அட்டைக்குப் போடுகிற கவர் வேண்டாம், தடிமன் கூடிப்போகும். அச்சகங்களில் புத்தக அட்டைக்கு ஒட்டுகிற தெர்மல் லேமினேஷன் ரோலின் மிச்சத் துண்டுகளைக் கேளுங்கள். சிவகாசி உங்களுக்குப் பக்கம்தானே. பாலியஸ்டர் வகையாக இருந்தால் நல்லது. பிஓபிபி வகை இஸ்திரிச் சூட்டில் சுருண்டு பாழாகும். ஃபோமின் மேல் லேசாக ஸ்ப்ரே பசை அடித்து, காய்ந்த பின் ஃபிலிமை வைத்து, இஸ்திரிப் பெட்டியைக் குறைந்த சூட்டில் நடுவிலிருந்து ஓரத்துக்கு ஓட்டுங்கள். முதலில் வெட்டி மிஞ்சிய துண்டில் பழகுங்கள்.

மேல் பக்கம் ஒட்டியதும் இறக்கை வாழையிலை மாதிரி மேலே வளையும். பயப்படாதீர்கள், கீழ்ப்பக்கம் ஒட்டியதும் நேராகும். ஒட்டி முடித்த பின் ஒரு மீட்டர் தள்ளி நின்று பின்விளிம்பு நேராகப் பாருங்கள். இரு பக்கமும் ஒரே மாதிரி தெரிய வேண்டும். ஒரு பக்க நுனி இரண்டு டிகிரி திரும்பியிருந்தால் லூப் வட்டமாக வராது, திருகாணி மாதிரி ஒரு பக்கம் நழுவும். இதைத் திருத்தலாம்: அந்த நுனியை எதிர்ப்பக்கம் கொஞ்சம் அதிகமாகத் திருகிப் பிடித்துக்கொண்டே மேலும் கீழும் இஸ்திரி போடுங்கள், ஆறும் வரை கையை எடுக்காதீர்கள். இந்தத் திருகிப் பிடிக்கிற ஐந்து நிமிடத்தில் பறக்கிற தன்மை பாதி முடிவாகிவிடுகிறது.

அய்லரானுக்கு மட்டும் பால்சா வாங்குங்கள். 12 மி.மீ. பட்டையைப் பின்பக்கம் 2 மி.மீ. ஆகும்படி சீவி, இறக்கையின் முழு நீளத்துக்கும் ஓடவிடுங்கள். அகலத்தில் ஐந்தில் ஒரு பங்கு. அதற்கு முன்னால் ஃபோமின் ஓரத்தில் 3 மி.மீ. கார்பன் ராடு ஒன்று பதித்தால் பின்விளிம்பு அலை அலையாகப் போகாது. மேல் பக்கம் டேப்பே கீல் (ஹிஞ்ச்), கீழ்ப்பக்கம் முனையை 45 டிகிரி சரித்துவிடுங்கள்.

உடலைப் பற்றிச் சொல்லப் பெரிதாக இல்லை. 110 செ.மீ. நீளம், 5 செ.மீ. தடிமன் ஈபிபி பலகை, பக்கவாட்டில் பார்த்தால் மீன் மாதிரி உயரமாக இருக்கட்டும். அந்தத் தட்டைப் பக்கம்தான் ஒருக்களித்துப் பறக்கும்போது இறக்கை வேலை செய்யும். நீள வாக்கில் இரண்டு கார்பன் ராடு. கிடைவால் 42 செ.மீ. நீளம், 11.5 செ.மீ. அகலம். ஸ்பார் கோட்டிலிருந்து 65 செ.மீ. பின்னால் தள்ளி, இறக்கையோடு சுழியம் டிகிரி கோணத்தில். ரடர், அதாவது நிமிர்வாலின் அசையும் பகுதி, பெரிதாக வையுங்கள்.

வாலில் மட்டும் எடைக்குப் பயப்படுங்கள், இங்கே உங்கள் கவலை சரி. கிளைடரின் எடை சமனாகும் புள்ளியிலிருந்து வால் 65 செ.மீ. தள்ளி இருக்கிறது, மூக்கு 26 செ.மீ. வாலில் கூடும் ஒவ்வொரு 10 கிராமுக்கும் மூக்கில் 25 கிராம் ஈயம். ஒரு தடவை ரசனையோடு வாலுக்கு மூன்று கோட் பெயின்ட் அடித்தேன். அந்த அழகுக்கு மூக்கில் 90 கிராம் ஈயம் வைக்க வேண்டியிருந்தது. கலரை இறக்கையில் வையுங்கள்: மேலே பளிச்சென்ற ஒரு நிறம், கீழே அகலமான கறுப்புப் பட்டைகள். மேல் கீழ் ஒரே வடிவம் என்பதால் 100 மீட்டர் தள்ளிப் போனதும் எது வயிறு, எது முதுகு என்று கண் குழம்பும். குழம்பிய அந்த ஒரு நொடியில் ஸ்டிக்கைத் தப்பாக இழுத்துவிடுவோம்.

சர்வோ நான்கு: அய்லரானுக்கு இரண்டு, எலிவேட்டருக்கு (கிடைவாலின் அசையும் பகுதி) ஒன்று, ரடருக்கு ஒன்று. 9 கிராம் அளவில் மெட்டல் கியர். பிளாஸ்டிக் கியர் முதல் முரட்டு இறக்கத்திலேயே பல் உதிரும். மலிவான சர்வோ வாங்கினால் ஸ்டிக்கை விட்டதும் அதே நடு இடத்துக்குத் திரும்புகிறதா என்று ஐம்பது தடவை சோதியுங்கள். சர்வோவை மடலோடு இணைக்கும் கம்பிக்கு 2 மி.மீ. சைக்கிள் ஸ்போக் அருமையாக உதவும். சர்வோ கையில் உள் ஓட்டை, மடலில் ஒட்டும் ஹார்ன் என்ற நெம்புகட்டையில் வெளி ஓட்டை: பின்விளிம்பை விரலால் ஆட்டினால் 1 மி.மீ.க்கு மேல் ஆடக் கூடாது. அந்தக் 'கொர்ர்ர்' சத்தம் இந்த ஆட்டத்திலிருந்தும் பிறக்கும். எலிவேட்டருக்குப் போகும் நீளக் கம்பிக்கு நைலான் குழாய் வேண்டாம், வெயிலில் நீண்டு டிரிம் (எலிவேட்டரின் நடு நிலை) மாறும். மெல்லிய கார்பன் ராடு வையுங்கள். மின்சாரத்துக்கு நான்கு நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு செல், 2000 எம்ஏஎச். மூக்குக்குள் போனால் ஈயத்தின் வேலையையும் பார்க்கும். ரிசீவர் ஆன்டெனாவின் இரண்டு முனையையும் கார்பனை விட்டு விலக்கி, ஒன்றுக்கொன்று செங்கோணமாக வையுங்கள். கார்பன் சிக்னலை மறைக்கும்.

இப்போது அந்த ஃப்ளாப். அய்லரான் சர்வோ இரண்டையும் தனித்தனி சேனலில் போட்டால், இரண்டையும் ஒன்றாகக் கீழே இறக்க முடியும். எலிவேட்டர் ஸ்டிக்கை முழுதாக இழுக்கும்போது இரண்டு அய்லரானும் 5 மி.மீ. கீழே இறங்கும்படி மிக்ஸ் போடுங்கள். தள்ளினால் 5 மி.மீ. மேலே. இதனால் லூப் போடும் கணத்தில் இறக்கை தனக்குத் தேவையான வளைவை எடுத்துக்கொள்ளும். தலைகீழாக இருந்தாலும் சரியான பக்கமே வளையும். 1983இல் முதலில் பறந்த ம்யூ-28 என்ற ஜெர்மன் ஸ்டண்ட் கிளைடரில், மியூனிக் மாணவர் குழு செய்தது அது, ஃப்ளாப் தானாக இயங்குகிற ஏற்பாட்டையே வைத்தார்கள். நமக்கு டிரான்ஸ்மிட்டரில் ஒரு மெனுவோடு முடிந்துவிடுகிறது. ஆரம்ப அசைவுகள்: அய்லரான் மேலும் கீழும் 17 மி.மீ., எலிவேட்டர் 12 மி.மீ., ரடர் போகிற வரை. எக்ஸ்போ, அதாவது ஸ்டிக்கின் நடுப்பகுதியை மந்தமாக்கும் அமைப்பு, 30 சதவீதம். மேலே கூடுதல், கீழே குறைவு என்று அய்லரானுக்கு வித்தியாசம் வைக்கிற ட்ரெயினர் பழக்கத்தை விட்டுவிடுங்கள், இரண்டும் சமம்.

சிஜிக்கு, அதாவது எடை சமனாகும் புள்ளிக்கு, கணக்கே வேண்டாம். மேலே சொன்ன மாதிரி 30 சதவீதக் கோட்டை நேராக, உடலுக்குச் செங்குத்தாக வைத்துச் செய்திருந்தால் ஸ்பார் கோடுதான் சிஜி. உடலோடு சேருமிடத்தில் முன்விளிம்பிலிருந்து 75 மி.மீ. அங்கே இரு விரலால் தூக்கினால் சமனாக நிற்க வேண்டும். மூக்கில் எடை குறைந்தால் வீல் பேலன்சிங் கடையில் கிடைக்கும் 5 கிராம் ஒட்டு எடைகளை மூக்கில் ஒட்டுங்கள். பறக்கவிட்டுப் பழகிய பின் ஒவ்வொரு வில்லையாகக் கழற்றுங்கள். எவ்வளவு கழற்றலாம் என்று கிளைடரே சொல்லும்: நல்ல உயரத்தில் 45 டிகிரி டைவ் விட்டு, ஸ்டிக்கிலிருந்து கையை எடுங்கள். தானாக வேகமாக மேலே எழுந்தால் மூக்கு கனம். நேராகவே போனால் கச்சிதம். இன்னும் கீழே மடங்கினால் உடனே இழுத்து, இறக்கி, கழற்றியதைத் திரும்ப ஒட்டுங்கள்.

எங்கே பறக்கவிடுவது? உங்கள் ஊர் இதற்குக் கொடுத்து வைத்த ஊர். தென்மேற்குப் பருவக்காற்று தமிழ்நாட்டுக்குள் நுழைகிற கணவாய்களில் கம்பமும் ஒன்று. ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்கள், 800 கிராம் எம்மாத்திரம். மேற்குப் பார்த்த, மரமில்லாத, அடியில் வெட்டவெளி உள்ள கரடு ஒன்றைத் தேடுங்கள். காற்று சரிவில் மோதி மேலே ஏறுகிறது, கிளைடர் அதில் மிதக்கிறது, கதை அவ்வளவுதான். காற்று சரிவுக்கு நேராக வர வேண்டும், முப்பது டிகிரிக்கு மேல் சாய்ந்தால் தூக்காது. மணிக்கு 20 முதல் 35 கிலோமீட்டர் நல்ல காற்று. பிரெஞ்சுக்காரர்கள் இப்படிச் சரிவை உரசுகிற மாதிரி வித்தை காட்டுவதை விடிபிஆர் என்று தனிக் கலையாகவே வளர்த்திருக்கிறார்கள். நீங்கள் முதல் மாதம் 50 மீட்டர் தள்ளியே ஆடுங்கள். காற்றாலை நிற்கிற இடத்தில் காற்று இருக்கும் என்பது உண்மை, ஆனால் அதன் கிட்டே போகாதீர்கள். மேகமலைப் பக்கம் புலிகள் காப்பகம். காட்டுக்குள் இறங்கினால் கிளைடர் போய்விட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். 2021 ட்ரோன் விதிகளில் 25 கிலோவுக்குள், கண் பார்வைக்குள், பொழுதுபோக்குக்குப் பறக்கவிடும் மாடல் விமானத்துக்கு டைப் சர்டிஃபிகேட் தேவையில்லை. ஆனாலும் ட்ரோன்களுக்கான அரசின் டிஜிட்டல் ஸ்கை வரைபடத்தில் அந்த இடம் பச்சை மண்டலமா என்று பார்த்துவிட்டுப் போங்கள். காற்று இல்லாத மாதங்களில் 30 மீட்டர் ரப்பர், 100 மீட்டர் நைலான் கயிறு கட்டிக் கவண் மாதிரி ஏற்றலாம். இரண்டு மூன்று வித்தைக்குள் தரைக்கு வந்துவிடும், பழகுவதற்குச் சரி.

முதல் வீச்சு: மூக்கு அடிவானத்துக்குச் சற்றுக் கீழே, காற்றுக்கு நேராக, ஈட்டி எறிகிற மாதிரி. மேல் நோக்கி எறிந்தால் ஸ்டால் ஆகி உங்கள் தலைக்கு மேலேயே திரும்பும். முதல் லூப்பைப் பெரிதாகப் போடுங்கள். ஸ்டிக்கை முழுதாக இழுத்தால் இறக்கையே பிரேக்காக மாறி, சேர்த்த வேகம் முழுவதையும் தின்றுவிடும். பாதி இழுத்து, உச்சியில் கொஞ்சம் தளர்த்தி, கீழே வரும்போது மீண்டும் இழுங்கள். ரோலில் தலைகீழாக வரும் கணத்தில் லேசாகத் தள்ளுங்கள். இதில் எல்லாருக்கும் ஒரு வாரம் கை குழம்பும்.

இறக்கும்போது கரட்டின் உச்சிக்குப் பின்னால் போகாதீர்கள். மேலே வந்த காற்று அங்கே சுருண்டு கீழே விழுகிறது. அதற்குள் நுழைந்த கிளைடர் கல் மாதிரி இறங்கும். நீளக் குச்சியில் ரிப்பன் கட்டி உச்சியில் அங்கங்கே நடந்து பாருங்கள், எந்த இடத்தில் ரிப்பன் திசை மாறுகிறதோ அதற்கு முன்னாலேயே இறக்கம். அய்லரான் இரண்டையும் ஒன்றாக மேலே தூக்குகிற சுவிட்ச் ஒன்று வைத்துக்கொண்டால், உயரம் மிஞ்சினாலும் மிதக்காமல் இறங்கும். புல் இருக்கிற பக்கமாக, காற்றுக்கு எதிராக, தரையிலிருந்து ஒரு முழ உயரத்தில் மூக்கை லேசாகத் தூக்குங்கள். இறங்கியதும் முதல் வேலை, இறக்கை நுனியைப் பிடித்து ஒரு திருகு திருகிப் பாருங்கள். ஃபிலிம் எங்கேயாவது விட்டிருந்தால் கையிலேயே தெரியும். இஸ்திரிப் பெட்டி வீட்டில்தானே இருக்கிறது.